மேஸ்திரி உட்காராத வண்டி

எங்கள் சந்தில் ஒரு மனிதர் ஏழு மோட்டார் வண்டிகள் செய்தார். ஏழில் ஒன்றில்கூட அவர் ஏறி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து இதைச் சொல்லும்போதும் வாயில் விளக்கெண்ணெய் ஊற்றியது மாதிரி குமட்டிக்கொண்டு வருகிறது. அந்தக் குமட்டலில் பாதி அந்த மனிதருக்கு, பாதி எனக்கு.

நான் தையல்காரி. ரங்கூனில் லத்தா பக்கம், சீனத் தச்சர் கடைகளுக்குப் பின்னால் ஓடிய சந்தில், மாடியில் ஓர் அறையும் கையால் சுற்றும் தையல் மெஷின் ஒன்றும் எங்களுக்கு இருந்தன. என் வீட்டுக்காரர் இன்சீன் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் வருவார். ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த தகரக் கொட்டகையில்தான் கிடப்பார். அந்தக் கொட்டகை அந்த மனிதருடையது. தமிழ் ஆட்கள் அவரை மேஸ்திரி என்பார்கள், பர்மாக்காரர்கள் சயா என்பார்கள். நான் அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். அதை என் கையால் எழுத மனம் வரவில்லை.

பெரிய சண்டை முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊருக்குக் கப்பல் ஏறின வருஷங்கள் அவை. அவர்கள் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்கள் ரங்கூனில் எங்கெங்கோ துருப்பிடித்துக் கிடந்தன. மேஸ்திரி அவற்றைத் தேடிப் பிடித்து எஞ்சினை மட்டும் கழற்றிக்கொண்டு வருவார். பக்கத்துச் சீனத் தச்சர் தேக்கில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு சட்டம் அடித்துக் கொடுப்பார். அதன் மூக்கில் எஞ்சினை வைத்து, நாலு மெல்லிய சக்கரம் மாட்டி, பின்சக்கரத்துக்குத் தோல் பட்டை போட்டு, மேலே பலகையடைத்து வர்ணம் பூசினால் வண்டி ஆயிற்று. ஒருவர் பின்னால் ஒருவராக இரண்டு பேர் உட்காரலாம். சந்தில் அதற்குச் செருப்பு வண்டி என்று பெயர். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும், யாரோ ராட்சசன் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டுப் போனது போல. வண்டிக்கு மெத்தையும் மழைக்குக் கித்தான் கூரையும் தைத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த எஞ்சின்கள் விளக்கெண்ணெய் குடித்தன. வேறு எண்ணெய் அவற்றுக்கு ஆகாது என்பது மேஸ்திரியின் கட்சி. எஞ்சினைக் கிளப்பினால் விளக்கெண்ணெய் தீய்ந்த புகை எங்கள் மாடி ஏறி வந்து சோற்றுப்பானை வரை நுழையும். சின்ன வயதில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் புகட்டப்பட்ட யாருக்கும் அந்த நாற்றத்தில் சோறு இறங்காது. அவர் என்னவென்றால், எஞ்சினிலிருந்து சொட்டுகிற கறுத்த எண்ணெயை விரலில் தொட்டு நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்புக்கொட்டி, "இன்னும் வேகலை" என்பார். பெட்ரோலை ரப்பர் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இழுத்து, பளிச்சென்று துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் அதே வாயில் ஒரு குன்யாவை மடித்துப் போட்டுக்கொள்வார். பர்மா வெற்றிலையும் பெட்ரோலும் கலந்த அந்த எச்சில் எங்கள் படிக்கட்டு ஓரமெல்லாம் செக்கச்செவேலென்று காய்ந்து கிடக்கும்.

ஆனால் உடுப்பு மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கும். கஞ்சி போட்ட கோட்டு, சலவை மடிப்புக் கலையாத வேட்டி. அத்தனை கரியிலும் மசியிலும் அவர் மேல் ஒரு பொட்டுக் கறை பட்டு யாரும் பார்த்ததில்லை. கீழே மல்லாந்து படுத்து முடுக்குகிறவர், தூக்குகிறவர், துடைக்கிறவர் எல்லாம் வேறு யாராவதுதான், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர். இவ்வளவு அழுக்கான வேலை நடத்துகிற ஆள் மேல் அழுக்கே ஒட்டவில்லையென்றால் அது எங்கே போகிறது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திறமைசாலி என்பதை மறைக்கமாட்டேன். சந்து முனையில் ஒரு மோட்டார் திரும்பினால் இங்கே உட்கார்ந்தபடியே, அதன் எந்த ஓரத்தில் எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். எனக்கு மலேரியா வந்து பத்து நாள் படுத்தபோது, தினமும் ஒரு டம்ளர் ஆரஞ்சுச் சாறு பிழிந்து ஆள் மூலம் மாடிக்கு அனுப்பினார். என் மெஷின் ஓடாமல் நின்றபோது அவரே வந்து, தறி நெய்கிறவன் நூலைத் தொடுவது போல மெல்லத் தொட்டுச் சரிசெய்தார். இந்த ஆளை எனக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

எல்லாவற்றிலும் பெரிய பேர் அவருக்கு ஒரு பழக்கத்தால் வந்தது. வண்டி முடிந்ததும் பொழுது பார்த்து, நாலு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைப்பார். பர்மாக்கார அயலார் மனசு கோணாமல் இருக்க, அவர்கள் மங்கலமாக நினைக்கிற தபியே இலைக் கொத்து ஒன்றும் முன்னால் கட்டுவார். சாம்பிராணி காட்டி முடித்ததும், கூடியிருக்கிற கூட்டத்தில் யாராவது ஒருவரைக் கைகாட்டி, "நீங்க உட்காருங்க. முதல் சவாரி உங்களுது" என்பார். அந்த ஆளுக்கு மாலை உண்டு, தாம்பூலம் உண்டு. வண்டி செய்தவர் தான் ஏறாமல் இன்னொருத்தனுக்கு அந்தப் பெருமையைக் கொடுக்கிறாரே என்று எல்லோரும் உருகிப்போவார்கள். கேட்டால், "நான் சமைக்கிறவன். சமைக்கிறவன் முதல்ல உட்கார்ந்து திங்கலாமா?" என்று கையைக் கூப்புவார்.

அதற்கப்புறமாவது சாப்பிட்டாரா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. சீனத் தச்சர் ஒருவர்தான் சூட்சுமம் தெரிந்தவர். ஒரு தடவை மேஸ்திரி அவரைக் கைகாட்டினபோது, பல்லைக் காட்டிச் சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டே தன் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பயந்தாங்கொள்ளி என்று அன்று சந்தே சிரித்தது. நானும் மாடியிலிருந்து சிரித்தேன்.

இன்னொரு குணமும் உண்டு, பின்னால் அதுதான் அவருக்கு எமனாக வந்தது. பர்மாக்காரர் யாராவது வண்டி பார்க்க வந்தால், முகத்தில் தேன் ஒழுகச் சிரித்தபடியே எங்களைப் பார்த்துத் தமிழில் அவர்களை ஏசுவார். "இந்த எருமைக்கு வண்டி எதுக்கு, ரெண்டு கொம்பு வெச்சா போதாதா" என்பார். சிரிப்பைப் பார்த்து வந்தவரும் சிரிப்பார். எங்களுக்குக் கூசும். கூசினாலும், வந்தவரும் சிரிக்கிறாரே என்று நாங்களும் சிரித்துத் தொலைப்போம்.

நாலாவது வண்டியில் முதலில் உட்கார்ந்தவர் கோ டின். பனிக்கட்டி வண்டி தள்ளுகிற பர்மாக்காரர், வாட்டசாட்டமான ஆள், சிரித்தால் சந்து வெளிச்சமாகும். மாலையும் கழுத்துமாக ஏறிப் போனார். முனை திரும்பும்போது முன்சக்கரம் மடங்கி, வண்டி மூக்குக் குப்புற விழுந்தது. நான் அப்போது வேலையாக இருந்தேன், பார்க்கவில்லை. மறுநாள் மேஸ்திரி என் அறை வாசலில் மெத்தையோடு நின்றார்.

"வெத்தலைச் சாறு கொட்டிட்டான் தங்கச்சி, நாகரிகம் இல்லாத பய. கறை தெரியாத பக்கத்தைத் திருப்பித் தச்சுக் குடுத்துரு."

மெத்தையின் கித்தான் உறையைப் பிரித்துப் பச்சைத் தண்ணீரில் போட்டேன். வெற்றிலைக் கறை பச்சைத் தண்ணீருக்கு அசையாது, இது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். வாளித் தண்ணீர் முதலில் வெளிர்ச் சிவப்பாகி, பிறகு பழுப்பாயிற்று. தையல் மடிப்பைக் கசக்கும்போது அரிசி நொய் மாதிரி ஏதோ விரலில் தட்டியது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பல்லின் துண்டு.

அந்தத் துண்டை ஜன்னல் வழியே எறிந்தேன். கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். பிறகு கித்தானைக் காயவைத்து, கறைப் பக்கத்தை உள்ளே மடித்து, நல்ல பக்கத்தை மேலே போட்டு, ஓரம் பிசகாமல் தைத்துக் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்வேன். என் வீட்டுக்காரருக்கு அவர் மேல் உயிர். நான் மலேரியாவில் கிடந்தபோது ஆரஞ்சுச் சாறு அனுப்பினவர். தங்கச்சி என்று கூப்பிட்டவர். இதெல்லாம் சாக்கு என்று அப்போதும் எனக்குத் தெரியும்.

ஒரு மாதம் கழித்து கோ டின்னைக் கடைத்தெருவில் பார்த்தேன். முன்பல் நாலும் இல்லை. என்னைக் கண்டதும் அந்த ஓட்டை வாயால் அதே மாதிரி சிரித்து, சயா சுகமா என்று விசாரித்தார். தப்பு தன்னுடையதுதான் என்றும், தான் உட்கார்ந்த விதம் சரியில்லை என்று சயா சொன்னார் என்றும் சொன்னார்.

ஆமாம், எது நடந்தாலும் மேஸ்திரி சொல்வது அதுதான். வண்டியில் ஒரு குறையும் இருக்காது, உட்கார்ந்த ஆள் சரியில்லை. ஒருவன் கனம் கூடினவன், இன்னொருவன் பயந்து காலை உதைத்தான், மூன்றாமவனுக்குக் கை வியர்க்கிறது. அடிபட்டவர்கள் அதை நம்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். இந்தக் கண்ணால் பார்த்தேன். நெற்றியில் கட்டோடு வந்த ஒரு செட்டிநாட்டுச் சமையற்காரர், உங்கள் வண்டியைக் கெடுத்துவிட்டேனே என்று அழுதார். மேஸ்திரி அவர் முதுகைத் தட்டி, போனால் போகிறது என்று பெருந்தன்மையாக மன்னித்தார். அதைப் பார்த்தபோது படிக்கட்டில் காய்ந்து கிடந்த எச்சிலை மிதித்த மாதிரி எனக்கு உடம்பு கூசியது.

ஆறாவது வண்டிக்கு அவர் கைகாட்டியது என் வீட்டுக்காரரை.

அவர் அதற்காக மூன்று வருஷம் காத்திருந்தவர். அன்று காலையில் தலைக்குக் குளித்து, கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கீழே இறங்கிப் போய் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். முதல் நாள் மாடியில் மட்டும் சொன்னேன், அவர் பல் தேய்த்துக்கொண்டே, "நீ சும்மா இரு புள்ள, கோ டின்னுக்கு உட்காரத் தெரியலை. நான் ஃபிட்டர்" என்றார். மறுநாள் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவர் உட்கார்ந்த மெத்தை, நாலாவது வண்டிக்கு நான் திருப்பித் தைத்த அதே மெத்தை.

அந்த வண்டிகளில் ஸ்டியரிங் என்பது பெரிய வித்தையில்லை. கையில் பிடிக்கிற சக்கரத்தின் அடியில் என் மெஷினில் இருப்பது போலவே ஒரு பாபின், அளவில்தான் பெரிது. அதில் இரும்புக் கம்பிக் கயிற்றைச் சுற்றி, இரண்டு நுனியையும் முன் அச்சின் இரண்டு பக்கம் கட்டியிருக்கும். சக்கரத்தைத் திருப்பினால் ஒரு பக்கம் இழுக்கும், மறுபக்கம் விடும். நூல் இற்றால் தையல் நிற்கும். கம்பி இற்றால் என்ன ஆகும் என்பதை ஏரிக்கரைச் சாலையில் என் வீட்டுக்காரர் தெரிந்துகொண்டார். சக்கரம் கையில் சும்மா சுற்றியது. வண்டி நேராகப் போய் ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் மோதியது. சட்டத்துக்கும் மரத்துக்கும் நடுவில் சிக்கி வலது கையின் மூன்று விரல் போயிற்று.

மேஸ்திரி தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைக் கோட்டோடு கட்டில் அருகே நின்று கண்ணீர் விட்டார். கண்ணீர் பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை புரியாதது. மூக்கைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "சக்கரத்தை வெடுக்குன்னு இழுத்துட்டீங்க மாப்ள. ஃபிட்டர் கை பாருங்க, பலம் ஜாஸ்தி" என்றார். என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிடப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்த் தாழ்வாரத்தில் வாந்தியெடுத்தேன்.

மூன்று விரல் இல்லாதவரை இன்சீன் பட்டறையில் வைத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி கொட்டகையிலேயே வேலை கொடுத்தார். இடது கையால் துடைப்பது, வர்ணம் கலக்குவது. இதற்காக என் வீட்டுக்காரர் அவரைத் தெய்வம் என்றார். வீட்டில் அவரைப் பற்றி நான் வாயைத் திறந்தால் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துபோவார். அந்தச் சோறும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தது.

ஏழாவது வண்டி வான நீலம். கேட்டவர் ஒரு அரிசி மில் முதலாளி, பர்மாக்காரர், அறுபது வயதிருக்கும். அவருக்கு ஒரே மகள், பெயர் மா மியா. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தாள், தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். முதலாளி மூன்று நாலு தடவை வந்து, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, சுருட்டுப் புகைத்தபடி வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் பர்மீயம்தான். மேஸ்திரி வழக்கம்போல் சிரித்த முகத்தோடு தமிழில் அவரைக் காட்டி, "சுருட்டுக்குக் கீழ ஒரு மனுஷன் இருக்கானா பாருங்க" என்பார். முதலாளி சுருட்டை எடுக்காமல் அவரையே பார்ப்பார்.

வண்டியைக் கொடுப்பதற்கு முதல் நாள் மேஸ்திரி ஒரு தோல் பட்டையைக் கொண்டுவந்தார். பாபினிலிருந்து அச்சு வரை போகிற கம்பிக்கு உறை தைக்க வேண்டும் என்றார். அந்தப் பெண் இடுப்பில் சுற்றுகிற லோன்ஜியில் மசி பட்டுவிடக் கூடாதாம். அளவெடுக்கக் கீழே போனேன். எங்கும் மசி அப்பிக் கன்னங்கரேலென்று இருந்த கம்பியின் மேல் விரலை ஓட்டினேன். நடுவில் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தியது. விரலில் ரத்தம். புடவைத் தலைப்பால் மசியைத் துடைத்துப் பார்த்தேன். கம்பி இழைகள் முள்முள்ளாய் அறுந்து நின்றன. அறுந்த பழைய கம்பி இரண்டை ஒன்றோடொன்று முறுக்கி அங்கே ஒட்டுப்போட்டிருந்தது. அது எந்தக் கம்பி என்று கேட்க வேண்டியதில்லை, என் வீட்டுக்காரர் கையில் அறுந்த கம்பிதான்.

என் வீட்டுக்காரரிடமே போய் ஏன் என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். புதுக் கம்பி கப்பலில் வர வேண்டும், மழைக்கு முன்னால் வண்டியைக் கொடுத்தாக வேண்டும், வந்ததும் மாற்றிவிடலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறாராம். அதுவரை அறுந்தால் என்று கேட்டேன். "அந்தப் பொண்ணு மெதுவா ஓட்டும்" என்றார். அவர் வாயிலிருந்தே அப்படி ஒரு பேச்சு வந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன்? உறையைத் தைத்தேன். மெழுகு பூசின இரட்டை நூலில், ஒன்றுபோல் ஓட்டம் விட்டு, ஒட்டுப்போட்ட இடத்தில் புடைப்புத் தெரியாமல் இரண்டு மடிப்பு வைத்துத் தைத்தேன். வேலை அவ்வளவு சுத்தமாக வந்தது. மேஸ்திரி தடவிப் பார்த்து, "உன் கைதான் கை தங்கச்சி" என்றார்.

மறுநாள் காலையில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தபியே கொத்து கட்டியாயிற்று. சந்து முழுக்க ஆட்கள். மா மியா முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, தலையில் மல்லிகை வைத்து வந்திருந்தாள். முதல் சவாரி அவளுடையது என்று மேஸ்திரி அறிவித்தார். அவள் ஒரு காலைத் தூக்கி வண்டிக்குள் வைத்தாள். நான் ஜன்னலில் நின்றிருந்தேன். அவள் சிரித்தாள். பற்கள் வரிசையாக, வெள்ளையாக இருந்தன.

அந்தப் பற்களைப் பார்த்த பிறகு நான் படியில் இறங்கினதே எனக்கு நினைவில்லை. ஆம்பிளைகள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வண்டியருகே போய் நின்றேன்.

"அண்ணே, பாப்பா உட்காருறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை ஏறி, சந்து முனை வரைக்கும் போயிட்டு வாங்க."

அவர் சிரித்தார். சமைக்கிறவன் கதையை ஆரம்பித்தார். இன்றைக்கு ஒரு நாள் நீங்கள் சாப்பிடுங்கள், நாங்கள் நின்று பார்க்கிறோம் என்றேன். கூட்டத்தில் நாலு பேர், ஆமாம் மேஸ்திரி, ஏறுங்கள் என்று அன்பாகவே சொன்னார்கள். யாரோ மாலையைக்கூட அவர் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கஞ்சி போட்ட காலரை நனைத்தது. என் காதருகே வந்து, மில் முதலாளியைப் பார்த்துச் சிரித்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"அந்தக் கம்பியை நம்பி ஏற எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வாயைப் பொத்திக்கிட்டு மேல போ."

இரண்டடி தள்ளி நின்ற முதலாளி சுருட்டை வாயிலிருந்து எடுத்தார்.

"எந்தக் கம்பி மேஸ்திரி?" என்றார், தமிழில்.

நல்ல தெளிவான தமிழ். அவர் மில்லில் மூட்டை சுமக்கிறவர்கள் அத்தனை பேரும் நம் ஆட்கள், காலமெல்லாம் அவர்களோடு பேசி வேலை வாங்கின மனிதர். எருமையும் கொம்பும் சுருட்டும் எல்லாம் அவருக்கு முதல் நாளிலிருந்து புரிந்திருக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், இதைப் பொறுக்கவில்லை. மகளிடம் பர்மீயத்தில் ஒரே ஒரு சொல் சொன்னார். அவள் காலை வெளியே எடுத்தாள்.

என் இடுப்பில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் தொங்கும். குனிந்து, நானே போட்ட தையலை அறுத்து, உறையை வாழைத்தோல் உரிக்கிற மாதிரி உரித்துக் காட்டினேன். இழைகள் நாலாபக்கமும் சிலிர்த்துக்கொண்டு நின்றன. முதலாளி கம்பியை விரலில் கொக்கிபோல் மாட்டி ஓர் இழுப்பு இழுத்தார், பலமாகக்கூட இல்லை. அது அவர் கையோடு வந்தது.

அப்போதும் மேஸ்திரிக்கு வாய் அடைக்கவில்லை. "கம்பி நல்ல கம்பிதாங்க. இந்தம்மா உறையை இறுக்கித் தச்சுட்டாங்க, அதான் இழை விட்டுருக்கு" என்றார். தையல் சரியில்லையாம். இத்தனை நாளும் உட்கார்ந்தவன் தலையில் விழுந்தது அன்று தைத்தவள் தலையில் விழுந்தது. அவர் கழுத்தில் மாலை ஆடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் எங்கே என்று பார்த்தேன். வர்ண டப்பா அருகில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் மேஸ்திரியின் முகத்தையே பார்க்கிறவர், அன்று தன் வலது கையைத் தூக்கி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மா மியா என்னிடம் வந்து கைகூப்பினாள். பர்மீயத்தில் நன்றி சொன்னாள், அம்மா என்று தமிழிலும் சேர்த்துச் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நேற்று அந்த உறையைத் தெரிந்தே தைத்தவள் நான் என்று அவளுக்குத் தெரியாது. முதலாளிக்குத் தெரிந்திருக்கும். அவர் என் விரலில் இருந்த குத்தைப் பார்த்தார், கத்தரிக்கோலைப் பார்த்தார், மகளை அழைத்துக்கொண்டு போனார்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் மேஸ்திரி கொட்டகையைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார். நீல வண்டி கொஞ்ச நாள் அங்கேயே கிடந்தது. மழையில் பலகை வீங்கிப் பிளந்தது, அதில் ஒரு கோழி முட்டையிட்டது. சீனத் தச்சர் தேக்குச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். என்னோடு பேசத் தொடங்க அவருக்கு நாலு மாதம் ஆயிற்று. பேசத் தொடங்கிய பிறகும் மேஸ்திரி பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

சில வருஷம் கழித்து கியாக்டடாவில், சூலே பகோடா அருகில் டிராமில் ஏறினேன். கூட்டம். ஜன்னலோரத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓடுகிற ஒன்றின் மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். என்னை அடையாளம் தெரிந்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார். கைக்குட்டையை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த பலகையைத் துடைத்தார்.

"உட்காரு தங்கச்சி" என்றார்.

பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் அம்மாள், என்ன மரியாதையான மனுஷன் என்று தன் மகளிடம் சொன்னாள். நான் அசையவில்லை. பலகை காலியாகவே இருந்தது. அவருடைய உடம்புச் சூடு இன்னும் அதில் இருக்கும் என்று நினைத்ததுமே எனக்கு அந்தப் பழைய விளக்கெண்ணெய்க் குமட்டல் மேலே வந்தது. நான் உட்காராததைப் பார்த்து அந்த அம்மாளின் மகள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண், நழுவி முன்னால் வந்து உட்காரப் போனாள். என் கை தானாக நீண்டு அவள் தோளைப் பிடித்து நிறுத்தியது.

வெறும் டிராம் பலகை. அதில் என்ன இருக்கிறது? அந்தப் பெண் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள், அவள் அம்மாவும் முறைத்தாள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போகிறவரை அவள் தோளிலிருந்து கையை எடுக்க என்னால் முடியவில்லை.